ஏணியை வைக்குமுன்

கலேவெலப் பக்கத்தில் குளிப்பு நெடுங்காலம் வீட்டுக்கு வெளியே நடந்த காரியம். கிணற்றடி, வாய்க்கால் கரை, தேவஹூவக் குளம். ஊற்றிய தண்ணீரை மண் குடித்தது, ஆவியைக் காற்று கொண்டுபோனது, வீட்டுச் சுவருக்கு அதில் பங்கே இருக்கவில்லை. இன்று குருநாகல் – தம்புள்ள வீதியில் எந்தப் புது வீட்டுக்குள் போனாலும் படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூம், மேலே வரை டைல்ஸ், பிவிசி சீலிங், சுடுதண்ணி ஷவர், திறக்காத ஒரு சின்ன ஜன்னல். தம்புள்ள விகாரையும் சிகிரியாவும் பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்கள் அதே மாதிரியில் வரிசையாகக் கட்டுகிறார்கள். இரண்டு மாரி கழியுமுன் சீலிங்கில் கறுப்புப் புள்ளி, ஃபேன் கூட்டிலிருந்து சொட்டு, கதவு நிலை ஊதிப் பூட்டு விழாத நிலைமை. அப்போதுதான் வயரிங் பாஸைத் தேடுகிறார்கள். "எக்ஸோஸ்ட் ஃபேன் பழுது, புதிசு ஒன்று போட்டுத் தாங்க."

பெரும்பாலான வீடுகளில் ஃபேன் பழுதில்லை. புதிசு போட்டால் காசு போகும், ஈரம் போகாது. என்விகியூ மூன்றாம் மட்டம் முடித்துத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கு வயரும் சுவிட்சும் தெரியும். காற்றும் ஈரமும் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேலை செய்யும் வீடுகளில்தான் பிடிபடும். அது உங்களுக்குச் சீக்கிரம் பிடிபட வேண்டும் என்றுதான் இவற்றை எழுதுகிறேன்.

1. கேள்வி முதலில், ஏணி பிறகு.

"ஃபேனில் என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர் ஏற்கெனவே முடிவுகட்டி வைத்ததைத்தான் சொல்வார். "எப்போது சொட்டுகிறது?" என்று கேளுங்கள். மழை பெய்த நாளில் மட்டும் என்றால் கூரையிலோ வெளிமூடியிலோ தண்ணீர் நுழைகிறது. நல்ல வெயில் நாளிலும் யாராவது குளித்து அரைமணி கழித்துச் சொட்டுகிறது என்றால், மேலே போன ஆவி குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகித் திரும்புகிறது. மழையும் இல்லை, குளிப்பும் இல்லை, ஆனால் சொட்டு நிற்கவில்லை என்றால் ஸ்லாப்புக்கு மேலே ஏறிப் பாருங்கள். நம் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி பாத்ரூமுக்கு மேலேதான் இருக்கும். மிதவை பழுதாகித் தாங்கி வழிந்தாலும், அடியில் பைப் மூட்டு கசிந்தாலும், அந்தத் தண்ணீர் ஃபேனுக்கு வெட்டிய துளை வழியாகத்தான் கீழே வரும். விடியற்காலையில் மட்டும் சொட்டுகிறது என்று சொன்னால் 6ஆம் இலக்கத்தைப் பாருங்கள்.

இந்தக் கேள்விகளை அந்தப் பாத்ரூமைக் கழுவுகிறவரிடம் கேளுங்கள். அது பெரும்பாலும் வீட்டம்மா. எந்த மூலை முதலில் கறுக்கிறது, எந்தத் துவாய் காயாமல் நாறுகிறது, எந்த மாதம் மோசம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அக்கா, உம்மா, அம்மே என்று அந்த வீட்டில் எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிட்டு, அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

2. கறையை அடையாளம் காணப் பழகுங்கள்.

டைல்ஸிலும் குழாயடியிலும் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருப்பது நம்மூர்க் கிணற்று நீரின் கடினத்தன்மை. தேசிக்காய்ச் சாறு விட்டால் நுரைக்கும். அதற்கும் ஃபேனுக்கும் தொடர்பில்லை. சுவர்ப் பூச்சில் பஞ்சு மாதிரி வெள்ளை பூத்து, விரலால் தட்ட உதிர்ந்தால் அது சுவருக்குள்ளிருந்து வரும் உப்பு. சுவர் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிவரை மட்டும் நிறம் மாறியிருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. எத்தனை ஃபேன் போட்டாலும் அதை இழுக்க முடியாது. சீலிங் மூலையிலும், அலுமாரிக்குப் பின்னாலும், ஜன்னல் நிலையிலும் கறுப்பு அல்லது பச்சைப் புள்ளியாகப் பரவுவதுதான் பூஞ்சணம். நம் வேலை அதிலிருந்து தொடங்குகிறது.

சந்தேகமாக இருக்கிறதா? ஓர் அடி சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றிலுள்ள ஈரம் படிகிறது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் கசிவு இருக்கிறது. பின்னதற்கு மேசன் பாஸையும் பிளம்பரையும் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஃபேன் விற்காமல் திரும்பி வாருங்கள்.

3. காற்று எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை மனதில் வையுங்கள்.

30 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவி தாங்கும். அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும். மீதி 13 கிராம் எங்கே குளிர்ச்சி இருக்கிறதோ அங்கே தண்ணீராகப் படியும். குளிர்ந்த சுவர், கண்ணாடி, தகரக் கூரையின் அடிப்பக்கம், ஃபேன் குழாயின் உட்பக்கம் எல்லாம் அதற்கு இடங்கள்தான். எங்கே ஈரம் கண்டாலும் "இந்த இடம் ஏன் மற்ற இடத்தைவிடக் குளிர்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 8 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி உயரப் பாத்ரூமில் உள்ள காற்று சுமார் 9 கன மீற்றர். ஆவி நிறைந்து நிற்கும்போதும் அந்தக் காற்று முழுவதிலும் இருப்பது ஏறத்தாழ 270 கிராம் தண்ணீர், ஒரு பெரிய கிளாஸ் அளவு. சுவரிலும் தரையிலும் துவாயிலும் இருக்கும் தண்ணீர் அதைவிட எவ்வளவோ அதிகம். ஆகவே புகைபோல் தெரிந்த ஆவி மறைந்ததும் ஃபேனை நிறுத்துகிறவர், வேலை தொடங்கும்போதே நிறுத்துகிறார். சுவர் காயும்வரை அது காற்றுக்கு ஈரம் கொடுத்துக்கொண்டேயிருக்கும். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் டைல்ஸை இழுத்துவிட்டால் ஃபேனின் வேலையில் பெரும்பகுதி குறையும். இதைச் சொன்னால் உங்களுக்கு ஒரு சதமும் வராது, ஆனாலும் சொல்லுங்கள்.

4. ஃபேன் சுற்றுவதை நம்பாதீர்கள், இழுக்கிறதா என்று பாருங்கள்.

மெல்லிய டிஷ்யூ தாளை ஃபேன் கூட்டில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஓரளவு இழுவை இருக்கிறது. விழுந்தால் இல்லை. ஆனால் அது பாதிப் பரிசோதனைதான். வெளியே போய் மூடிக்கு முன் கையை வைத்துப் பாருங்கள். உள்ளே இழுக்கிறது, வெளியே எதுவும் வரவில்லை என்றால் குழாய் எங்கோ கழன்று, காற்று சீலிங்குக்குள் போகிறது. இந்த இரண்டாவது பரிசோதனையைச் செய்யாமல் ஃபேனைக் குறை சொல்லவும் வேண்டாம், நற்சான்று கொடுக்கவும் வேண்டாம்.

இழுவை குறைவாயிருந்தால் முதலில் கழுவுங்கள். துவாய்ப் பஞ்சும் பவுடரும் ஈரத்தோடு சேர்ந்து இறகில் கெட்டியாகப் படிந்திருக்கும். இறகின் வளைவு மறைந்தால் அது காற்றைத் தள்ளாது, சும்மா சுற்றும்.

5. வெளியே போகும் காற்றுக்கு உள்ளே வரும் வழி வேண்டும்.

வாயை இறுக மூடிய போத்தலிலிருந்து காற்றை உறிஞ்ச முடியாது. பாத்ரூமும் அப்படித்தான். ஜன்னல் திறக்காது, கதவு அடியில் தண்ணீர் வெளியே போகாமல் குந்து கட்டி, அதன் மேல் ரப்பர் பட்டியும் அடித்திருப்பார்கள். ஃபேன் என்ன செய்யும்? கதவைத் திறந்து வைத்து டிஷ்யூவைப் பிடியுங்கள், பிறகு மூடிவிட்டுப் பிடியுங்கள். வித்தியாசம் தெரிந்தால் குறை கதவில். பிரித்தானியக் கட்டட விதிகளில் 760 மில்லிமீற்றர் அகலக் கதவுக்கு அடியில் 10 மில்லிமீற்றர் இடைவெளி கேட்கிறார்கள். நான் அதைக் குறைந்தபட்சமாகவே கொள்வேன். கதவை வெட்ட முடியாவிட்டால் கீழ்ப்பகுதியில் லூவர் வைத்த அலுமினியக் கதவு நல்லது. காற்று கதவடியில் நுழைந்து, ஈரமான இடத்தைக் கடந்து, எதிர் மூலையில் உயரத்தில் உள்ள ஃபேனுக்குப் போக வேண்டும். ஃபேன் கதவுக்கு நேர் மேலே இருந்தால் நுழைந்த காற்று அப்படியே மேலே போய்விடும். ஷவர் மூலை ஈரமாகவே கிடக்கும்.

6. சீலிங்குக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

இந்த ஊரில் நான் காணும் கேடுகளில் பெரியது இதுதான். சீலிங்கில் எக்ஸோஸ்ட் ஃபேனைப் பொருத்துகிறார்கள், பின்னால் ஒரு முழம் நெளிகுழாயை மாட்டி, அதைச் சீலிங்குக்கு மேல் அப்படியே கிடத்திவிடுகிறார்கள். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. பாத்ரூமில் ஆவியும் இல்லை, வீட்டுக்காரரும் சந்தோஷம். அந்த ஆவி முழுவதும் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் தங்குகிறது.

இரவில், முக்கியமாக வானம் தெளிந்த தை, மாசி இரவுகளில், தகரக் கூரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். சீலிங்குக்குள் அடைந்த ஈரம் தகட்டின் அடியில் முத்துமுத்தாகப் படியும். விடியும் நேரத்தில் கனத்துச் சொட்டத் தொடங்கும். வீட்டுக்காரர் மழையே இல்லாமல் கூரை ஒழுகுகிறது என்று கூரை வேலைக்காரரைக் கூப்பிடுவார். அவர் ஏறி எல்லா ஆணித் தலைக்கும் சிலிக்கன் பூசிவிட்டுப் போவார். அடுத்த விடியலிலும் சொட்டும். இதற்கிடையில் மரச்சட்டம் ஊறி உளுக்கும், சீலிங் சட்டத்தின் இரும்பு துருப்பிடிக்கும், சீலிங்குக்கு மேல் ஓடும் வயர் மூட்டுகளில் பச்சை பிடிக்கும். அந்த மூட்டுகள் நம் தொழில். அவற்றின் மேல் ஆவியை ஊதிவிட்டு வருவது எந்த வயரிங் பாஸுக்கும் தகாது.

ஆகவே குழாயைச் சுவர் வழியாகவோ கூரை முக்கோணச் சுவர் வழியாகவோ வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். கூரை அஸ்பெஸ்டோஸ் சீற் என்றால் அதில் கிரைண்டரை வைக்கவே வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. சுவரைத் துளையுங்கள்.

7. குழாய் குட்டையாக, நேராக, வெளிப்பக்கம் சரிந்து இருக்கட்டும்.

ஃபேன் பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவு குழாயே இல்லாமல் அளந்தது. நெளிகுழாயில் ஒவ்வொரு நெளிவும் காற்றைப் பிடித்து நிறுத்தும், ஒவ்வொரு முழங்கையும் பல அடி நீளக் குழாய்க்குச் சமம். நெளிகுழாய் தொய்ந்து நடுவில் தொட்டில் விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். காற்று போகும் வழி அடைபடும், தேங்கியது நிரம்பினால் ஃபேனுக்குள் திரும்பும். அப்படிச் சொட்டிய ஃபேனைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்து "மோட்டருக்குள் தண்ணி" என்று தூக்கி எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். மோட்டர் நல்ல மோட்டர். தொய்வை எடுத்திருந்தால் போதும்.

நாலு அங்குல பிவிசி பைப் நம்மூர் ஹாட்வெயார் கடை எதிலும் உண்டு. உள்ளே வழுவழுப்பு, தொய்யாது. அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் சரிவு கொடுத்து, இரண்டடிக்கு ஒரு பட்டி போட்டுத் தாங்குங்கள். உள்ளே ஆவி தண்ணீரானாலும் அது வெளியே போய் விழும்.

8. வெளிவாய்.

தம்புள்ள குகை விகாரைக்குப் போனால் சிலைகளைப் பார்க்குமுன் தலையை உயர்த்தி, குகை வாய்க்கு மேலே பாறையில் நீளமாக வெட்டிய விளிம்பைப் பாருங்கள். மழைநீர் பாறை முகத்தோடு ஒட்டி வழிந்து உள்ளே நுழையாமல் அந்த விளிம்பில் அறுந்து வெளியே விழும். இலங்கையின் பழைய துறவிக் குகைகள் பலவற்றில் இதைக் காணலாம், கீழே பிராமி எழுத்தில் கொடையாளர் பெயரும் இருக்கும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் உளியால் செய்த அந்த வேலையைத்தான் நாம் குழாய் வாயில் செய்ய வேண்டும். வெளிமூடியின் மேல் உதடு முன்னுக்கு நீண்டு, நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும். குழாய் சுவரைவிட்டு ஓர் அங்குலமாவது வெளியே நிற்கட்டும். சுவர்மட்டத்தில் வெட்டிப் பூசிய குழாயில் பெரும்போக மழை சாய்ந்து அடிக்கும்போது தண்ணீர் நேரே உள்ளே வரும். எந்தத் திசையிலும் இடம் கிடைக்கிறது என்றால், வாடைக் காற்று மோதும் வடகிழக்குச் சுவரைத் தவிருங்கள்.

மூடிக்குள் தானாக விழுந்து மூடும் ஷட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் நின்ற நேரம் ஈரக்காற்றும் பூச்சியும் பல்லியும் உள்ளே வரும். நுளம்புவலை மாதிரிச் சின்னக் கண்ணுள்ள வலையை அங்கே போடாதீர்கள். சில மாதத்தில் பஞ்சு அடைத்து, வலை சுவராகிவிடும். கால் அங்குலக் கண் போதும். குளவிக்கூட்டுக்கு மட்டும் கவனம்: வெளிமூடியைக் கழற்றுமுன் ஒரு குச்சியால் தட்டி, விலகி நின்று பாருங்கள். ஏணி உச்சியில் குளவி கொட்டினால் பிடிமானம் போய்விடும்.

9. எந்த ஃபேன் என்று கேட்டால்.

வெளிச்சுவர் இருக்கும் பாத்ரூமுக்குச் சுவர் ஃபேன்தான் என் தெரிவு. காற்று ஒரு செங்கல் தடிப்பைக் கடந்தால் வெளியே. இறகு நேரே தள்ளும் அந்த வகை ஃபேனுக்கு நீண்ட குழாயைத் தள்ளும் பலம் கிடையாது. குழாய் போட்டே ஆகவேண்டும் என்றால் சக்கரம் மாதிரி இறகுள்ள, பக்கவாட்டில் வீசும் வகையை வாங்கச் சொல்லுங்கள். அளவுக்கு, மணிக்கு எட்டுத் தடவை அறைக் காற்று மாற வேண்டும் என்ற கணக்கு போதும். மேலே சொன்ன 9 கன மீற்றர்ப் பாத்ரூமுக்கு மணிக்கு 72 கன மீற்றர். குழாய் இழப்புக்கும் சேர்த்து 100க்குக் குறையாமல் பாருங்கள்.

வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும்போதே உங்களைக் கூப்பிட்டால், ஜன்னலைப் பெரிதாக்கித் திறக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். ஆடி, ஆவணியில் கச்சான் வீசும் இந்த ஊரில் நல்ல ஜன்னல் பாதி ஆண்டுக்கு ஃபேன் வேலையைச் செய்யும்.

10. கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்துகிறவரிடம் கணக்கைக் காட்டுங்கள்.

25 வோட் ஃபேன் நாளுக்கு ஒரு மணிநேரம் ஓடினால் மாதம் முக்கால் யூனிட். 3.5 கிலோவோட் சுடுதண்ணி ஷவர் அந்த முக்கால் யூனிட்டைப் பதின்மூன்று நிமிடத்தில் தின்றுவிடும். விலைவாசி ஏறிய நாளிலிருந்து குடும்பங்கள் எதை நிறுத்தலாம் என்று தேடுகின்றன. அவர்களைக் குறைசொல்ல முடியாது. தவறான சுவிட்சை நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். குளிக்கத் தொடங்குமுன் போட்டு, முடிந்து இருபது நிமிடம் ஓட விடுவது வழக்கமாகட்டும். மறந்து போகும் வீட்டுக்கு, லைட்டை அணைத்த பிறகும் ஓடும் டைமர் ஃபேன் பொருத்தம்.

11. ஈரம் பார்த்துத் தானாக ஓடும் ஃபேனை அவசரப்பட்டு விற்காதீர்கள்.

குளிர்நாட்டுக்குச் செய்த பொருள் அது. அங்கே வெளிக்காற்று வறண்டது, உள்ளே இழுத்தால் அறை காயும். நமக்குக் கார்த்திகை, மார்கழி அடைமழையில் வெளிக்காற்றே ஏறக்குறைய நிறைந்த ஈரத்தில் நிற்கும். 65 சதவீதத்தில் நிற்கும்படி வைத்த ஃபேன் அந்த அளவை எட்டவே எட்டாது. இரவு பகலாக ஓடி, வெளி ஈரத்தையே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் எந்த ஃபேனும் வெளிக்காற்றைவிடப் பாத்ரூமைக் காயவைக்காது. வைப்பரும், துவாயை வேறிடத்தில் காயப்போடுவதும்தான் வழி.

12. ஏசி அறையோடு ஒட்டிய பாத்ரூம்.

வாடகை அறைகளில் இப்போது அதிகம் வரும் முறைப்பாடு. பயணி ஏசியை 18இல் வைத்துத் தூங்குகிறார். நடுச்சுவர் குளிர்கிறது. 27 பாகையில் ஈரப்பதன் 80 சதவீதமாக உள்ள சாதாரண இரவுக் காற்றே 23 பாகைப் பரப்பில் தண்ணீராகிவிடும். குளித்த ஆவி நிறைந்த காற்றுக்கு 25 பாகைச் சுவரே போதும். ஆகவே பூஞ்சணம் பாத்ரூம் பக்கத்தில், அந்த ஒரு சுவரில் மட்டும் வருகிறது. அதைக் கண்டால் பைப் கசிவு என்று டைல்ஸை உடைக்க விடாதீர்கள். 2இல் சொன்ன பொலித்தீனை ஒட்டுங்கள். ஏசியை 25, 26இல் வைக்கச் சொல்வது, பாத்ரூம் கதவைச் சாத்தி வைப்பது, குளித்த பின் மட்டும் ஃபேனைக் குறித்த நேரம் ஓட விடுவது. இவை போதும். நாள் முழுக்க ஃபேனை ஓடவிட்டால், அது ஏசியின் குளிர்க்காற்றை வெளியே இறைத்து, ஜன்னல் இடுக்குகளால் புழுக்கத்தைப் படுக்கையறைக்குள் இழுத்துவிடும்.

13. உயிர்.

மெயின் சுவிட்சை அணையுங்கள், அணைத்த இடத்தில் எழுதி ஒட்டுங்கள், டெஸ்டரால் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல் மீற்றரால் அளந்து பாருங்கள். பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும், புதிய வீட்டில் மண்ணிறமும் நீலமும். இரண்டும் கலந்த வீட்டில் நிறத்தை நம்பவே வேண்டாம். ஃபேனைப் போடும்போது ட்ரிப் ஸ்விட்ச் விழுகிறது என்று சொன்னால் அது பெரும்பாலும் ஈரம் வயருக்குள் புகுந்துவிட்டதைச் சொல்கிறது. 30 மில்லி அம்பியர் ட்ரிப்பைத் தாண்டி நேரே இணைத்துக் கொடுக்கும்படி கெஞ்சுவார்கள். காலைப் பிடித்தாலும் செய்யாதீர்கள். ஷவரில் நிற்பவருக்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீற்றருக்குள் ஃபேன் வருமானால், ஐபிஎக்ஸ் 4 என்று பொறித்த, நீர் தெறிப்பைத் தாங்கும் ஃபேனாக இருக்க வேண்டும். முடிந்தால் அந்த இடத்தையே தவிருங்கள்.

14. கேஸில் ஓடும் ஹீட்டரைப் பாத்ரூமுக்குள் கண்டால் ஃபேன் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஃபேன் இழுக்கும்போது எரிந்த புகை வெளியே போகாமல் அறைக்குள் திரும்பும். அந்தப் புகையில் வரக்கூடிய காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இந்தியாவில் இப்படிக் குளியலறைகளில் மயங்கி இறந்தவர்கள் பலர். ஹீட்டரை வெளிச்சுவருக்கு வெளியே மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு வாருங்கள்.

15. மலக்குழியின் காற்றுக் குழாயில் ஃபேன் குழாயைச் சேர்க்காதீர்கள். இரண்டு அறைகளின் ஃபேன்களை ஒரே குழாயிலும் சேர்க்காதீர்கள். ஒன்று ஓடும்போது மற்ற அறைக்குள் நாற்றமும் ஆவியும் போகும்.

16. மலைப்பக்கம் வேலைக்குப் போனால் குழாய்க்குப் போர்வை போடுங்கள்.

றிவர்ஸ்டன், எல்கடுவ, நுவரெலியா என்று நம் பிள்ளைகள் ஹோட்டல் வேலைக்குப் போகிறார்கள். அங்கே கூரைக்கடியில் குளிர். சூடான ஆவி அந்தக் குழாயில் நுழைந்த உடனேயே தண்ணீராகும். கலேவெலவில் சொட்டாத அதே வேலை அங்கே முதல் நாளே சொட்டும். குழாயின் வெளிப்புறம் முழுவதும் ஃபோம் உறை சுற்றி, மூட்டுக்கு மூட்டு டேப் போடுங்கள். சரிவையும் கூட்டுங்கள்.

17. அந்த வீட்டார் குளிக்கும் முறையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சூடானிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம், வாடகைக்குக் கொடுக்கப்பட்ட சமூக வீடு. சுவரெல்லாம் பூஞ்சணம் என்று தகப்பன் 2017இலிருந்தே முறையிட்டிருந்தார். மேலே பெயின்ற் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் வாளியில் தண்ணீர் அள்ளிக் குளிக்கிறது, அதனால்தான் ஈரம் என்று நிர்வாகம் தானாகவே நினைத்துக்கொண்டது. பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் வந்த கடும் நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். வீட்டில் போதிய காற்றோட்டம் இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் அங்கே ஒரு சட்டம் வந்து, ஈரமும் பூஞ்சணமும் பற்றிய முறைப்பாட்டைக் குறித்த காலத்துக்குள் கவனிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஒக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

நம் ஊரிலும் வாளியில் அள்ளிக் குளிப்பவர்கள், ஐந்து வேளை வுளூச் செய்பவர்கள், கைக்குழந்தையை நாளுக்கு இரண்டு தரம் குளிப்பாட்டுபவர்கள் வாழ்கிறார்கள். பாத்ரூம் அவர்களுக்காகக் கட்டப்பட்டது. அவர்கள் தண்ணீர் புழங்குவது வழுவல்ல. அந்தத் தண்ணீர் காய வழி செய்யாமல் கட்டியதுதான் வழு. வாடகை வீட்டில் வேலை செய்யும்போது இதை வீட்டுச் சொந்தக்காரரிடம் நேராகச் சொல்லுங்கள். வீட்டில் முட்டு உள்ள பிள்ளையோ வயதானவரோ இருந்தால் அந்த வேலையை வரிசையில் முன்னுக்கு எடுங்கள்.

பூஞ்சணத்தின் மேல் பெயின்ற் அடித்துக்கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். காய்ந்த தும்புத்தடியால் தட்டவும் வேண்டாம், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் ஈரமாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பின்னர்தான் பெயின்ற். குளோரின் கலந்த திரவத்தையும் அமிலக் கழுவியையும் ஒரே நேரத்தில் பாவிக்க வேண்டாம். அதில் கிளம்பும் வாயு நுரையீரலைச் சுடும். ஊறி உப்பிய சீலிங் பலகையைக் கழுவிப் பயனில்லை, கழற்றி மாற்ற வேண்டும்.

18. வேலை முடித்த திகதியை ஃபேன் மூடியின் உட்பக்கம் பெயின்ற் பேனாவால் எழுதுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்று வீட்டில் ஒருவருக்குக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். முதலில் சுவிட்ச், பிறகு மூடி, பிறகு இறகைத் துணியால் துடைப்பது. மோட்டர்ப் பக்கம் தண்ணீர் ஊற்றக் கூடாது. புரட்டாசிக் கடைசியில் ஒரு கழுவல், மாரி முடிந்து பங்குனியில் ஒரு கழுவல். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு அந்தப் பக்கம் போகும் நாளில், காசு கேட்காமல், அந்த வீட்டுக்கு ஒரு தரம் போங்கள். டிஷ்யூத் தாளைக் கூட்டில் பிடியுங்கள், வெளிமூடிக்கு முன் கையை வையுங்கள், சீலிங்கின் நான்கு மூலையையும் டோர்ச் அடித்துப் பாருங்கள், கழுவுகிறவரிடம் துவாய் காய்கிறதா என்று கேளுங்கள்.